தொண்ணூற்று மூன்று ஓட்டைகள்

முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குப் போகும் எங்கள் பஸ்ஸில் முதலாம் வகுப்பு இருக்கை ஒன்று வெறுமையாய்க் கிடந்தால், அது அன்றைக்கு யாருக்கு இலவசம் என்பதை இப்போது கைத்தொலைபேசியே சொல்லிவிடுகிறது. பஸ் வவுனியாவை விட்டு வெளிக்கிடும்போது நடத்துநரின் பொக்கற்றுக்குள் ஒரு சத்தம் கேட்கும். ஆளின் பெயரும் இருக்கை இலக்கமும் வந்துவிடும். நடத்துநர் யாருடைய முகத்தையும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை.

எனக்குப் பிறகு வேலைக்கு வந்த சுதன் ஒருநாள் கேட்டான்.

"அண்ணை, போன் இல்லாத காலத்தில நீங்கள் எப்பிடி ஆளைத் தெரிஞ்சனீங்கள்? சண்டை வரேல்லையோ?"

"ஒருக்கா வந்தது."

"சொல்லுங்கோவன்."

நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்து கதைக்கிற ஆள் இல்லை நான். பஸ் நடத்துநருக்கு அது பெரிய குறைதான், ஆனாலும் பதினாலு வருடம் அந்தக் குறையோடுதான் வேலை செய்தேன். சுதனுக்கும் அன்றைக்கு ஒழுங்காய்ச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். துணுக்காயில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழைகளை மகள் திருத்தியிருக்கிறாள். நடந்த விஷயத்தில் அவள் கை வைக்கவில்லை.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகுதான் நான் பஸ் வேலைக்கு வந்தேன். அதற்கு முன் உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். முத்தையா என்ற பழைய நடத்துநர் இரண்டு மாதம் என்னைக் கூட வைத்திருந்து தொழிலைக் காட்டினார். மிச்சக் காசை ரிக்கற்றோடு சேர்த்துக் கொடு, பெண்பிள்ளைகள் இறங்கிக் கால் நிலத்தில் பட்ட பிறகு மணியடி, அனுராதபுரத்தில் சாப்பாட்டுக் கடைக்காரனோடு சிங்களத்தில் கதைக்கக் கூச்சப்படாதே என்றார். முதல் இரண்டையும் உடனே பிடித்துக்கொண்டேன். மூன்றாவதற்கு ஒரு வருடம் சென்றது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் எடுத்தவர். மகன் வயலையும் விடாமல் பஸ்ஸும் வாங்கினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அதைப் பஸ்ஸின் தலையில் கட்டிவிடுவார். நான் பிந்தி வந்தால், "கணேசு, இந்த பஸ்சுக்குப் பிந்துறது பிடிக்காது" என்பார். சாரதி தேவையில்லாமல் ஹோர்ன் அடித்தால், "இந்த பஸ்சுக்குக் கத்துறது பிடிக்காது" என்பார். பஸ் பாவம், ஒன்றும் சொல்லாமல் நிற்கும்.

பஸ் ஓடுகிற நாட்களில் காலை ஐந்து மணிக்கு வந்து எல்லா இருக்கைகளிலும் ஒருமுறை இருந்து பார்ப்பார். முதல் இருக்கையில் தொடங்கி, சாய்ந்து, நிமிர்ந்து, கைப்பிடியை ஆட்டி, எழும்பி, அடுத்ததற்குப் போவார். கடைசி வரிசை மூலைவரை போக இருபது நிமிடம் எடுக்கும். எங்கேயாவது கிறீச்சென்று சத்தம் வந்தால் அந்த இருக்கையை விட்டு எழும்ப மாட்டார். நானும் சாரதியும் சுரையாணி முடுக்கும் சாவியைக் கொண்டுவந்து இறுக்கி முடிக்கும்வரை அதிலேயே இருப்பார். தன் பஸ்ஸில் பயணம் செய்தாலும் காசு கொடுத்து ரிக்கற் எடுத்துத்தான் ஏறுவார்.

முதலாம் வகுப்பு என்ற யோசனை அவருக்கு ஆகாயத்தில் வந்தது. கனடாவில் இருக்கும் மகளிடம் மூன்று முறை போய் வந்தார். மூன்றாம் முறை திரும்பும்போது விமான நிலையத்தில் அவருடைய ரிக்கற்றைப் பார்த்த பெண்பிள்ளை சிரித்துவிட்டு, அதைக் கிழித்து, வேறொன்று கொடுத்திருக்கிறாள். உள்ளே போனால் முன்பக்கத்தில் கட்டில் மாதிரி ஒரு கதிரை. கால் நீட்டலாம். முகம் துடைக்கச் சூடான துவாய். ஒரு சதமும் மேலதிகமாய் வாங்கவில்லை.

வந்த நாளிலிருந்து ஒரு மாதம் இதே கதைதான்.

"ஏன் எனக்குத் தந்தவங்கள் தெரியுமோ கணேசு? நான் பெரிய ஆள் எண்டோ? இல்லை. திரும்பத் திரும்ப அவங்களோடயே போனனான். அதை ஆரோ எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாங்கள். எங்களையும் ஒருத்தன் எண்ணுறான் எண்டா அது எவ்வளவு பெரிய மரியாதை!"

அடுத்த மாதம் பஸ்ஸின் முன் இரண்டு வரிசையையும் கழற்றினார். எட்டு இருக்கை இருந்த இடத்தில் ஆறு பெரிய இருக்கைகள் வந்தன. சாய்ந்தால் கீழிருந்து கால் வைக்கும் பலகை எழும்பும். அந்தப் பகுதியின் தரையை ஒரு படி உயர்த்திச் சிவப்புக் கம்பளம் விரித்தார். ரிக்கற் ஒன்றரை மடங்கு. வவுனியாவில் ஆட்கள் ஏறி முடிந்த பிறகும் அங்கே இருக்கை மிஞ்சினால், அது அடிக்கடி எங்களோடு பயணம் செய்கிறவருக்கு இலவசம்.

அதற்கு ஒரு காட் அடித்தோம். அஞ்சலட்டை அளவு, நீல நிறம், நூறு கட்டங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு ஓட்டை. காட் வைத்திருப்பவர்களில் யாருக்கு ஓட்டை கூடவோ அவருக்கே முதல் உரிமை. கள்ள ஓட்டை விழாமல் இருக்க, ஓட்டை போடும் குறட்டை முதலாளி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார். முதலில் வட்டம், பிறகு நட்சத்திரம், பிறகு முக்கோணம், பிறகு வெற்றிலை. பழைய குறட்டை வாங்கித் தன் அலுமாரிக்குள் பூட்டிவிடுவார்.

ஆளைக் கூப்பிடும் முறையையும் அவரே பழக்கினார். பெயரைச் சொல்லிக் கத்தக் கூடாது. பக்கத்தில் போய்க் குனிந்து, "முன்னுக்கு வாங்கோ" என்று அவருக்கு மட்டும் கேட்கச் சொல்ல வேண்டும். பையை நானே தூக்க வேண்டும். இருந்த பிறகு துவாய் கொடுக்க வேண்டும். எனக்கு இது நன்றாய்ப் பொருந்தியது. மெதுவாய்ப் பேசுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்!

துவாயை முதலாளியின் மனைவி இடியப்பமும் பிட்டும் அவிக்கும் சட்டியில் வாசத்துக்குத் தேசிக்காய் இலை போட்டு அவித்து, சூடு ஆறாத பெட்டியில் அடுக்கித் தருவா. முதல் கிழமை எல்லாரும் மூக்கைச் சுருக்கினார்கள். பிட்டு மணத்தது. ஒட்டுசுட்டான் பெரியவர் ஒருவர் அதால் முகம், கழுத்து, கமக்கட்டு எல்லாம் துடைத்து, உதறி, மடித்துத் தன் பைக்குள் வைத்துவிட்டு, "முதலாளிக்கு என்ர நன்றியைச் சொல்லு தம்பி" என்றார். நான் எப்படித் திருப்பிக் கேட்பது? அன்றைக்கு ஐந்து துவாயோடு வீடு திரும்பினேன்.

நாங்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. படியையும் சிவப்புக் கம்பளத்தையும் கண்டதும் ஆட்கள் செருப்பைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. முதல் ஆள் கழற்றினார், அவரைப் பார்த்து அடுத்தவர் கழற்றினார். மூன்றாம் வரிசைக்குப் பக்கத்தில் எப்போதும் நாலைந்து சோடி கிடக்கும். தேத்தண்ணிக்கு இறங்கும்போது மாறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நான் முறையிட்டேன். முதலாளி யோசித்துவிட்டு, "விடு. செருப்புக் கழட்டுற இடத்தில ஆரும் வெத்திலை துப்ப மாட்டாங்கள்" என்றார். அதுவும் சரியாய்த்தான் இருந்தது.

இனித் திரேசக்கா.

நாயாறு என்ற கரையோர ஊர்க்காரி. செவ்வாய்க்கிழமை தவறாமல் ஐஸ் போட்ட நண்டுப் பெட்டியோடு கொழும்புக்கு வருவா. தன் வீட்டு நண்டு மட்டுமில்லை, அயலில் ஆறு வீட்டு நண்டு. கொழும்பில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடைக்குப் பிற்பகல் மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். பெட்டி பஸ்ஸின் வயிற்றுக்குள் போகும், அவா கடைசி வரிசை மூலைக்குப் போவா. நண்டு மணம் மற்றவர்களுக்குப் பட்டுவிடும் என்று அவாவே எடுத்த முடிவு அது. திரும்புவது வேறு பஸ்ஸில், வெறும் பெட்டியோடு.

காட் தொடங்கிய கிழமை நான் அவாவிடம் விண்ணப்பப் போம் ஒன்றைக் கொடுத்தேன். படம், அடையாள அட்டைப் பிரதி, விலாசம் எல்லாம் கேட்டிருந்தது. திருப்பித் தந்துவிட்டா.

"ஒரு கதிரைக்கு இவ்வளவு கடதாசியோ தம்பி? செட்டிகுளம் அகதி முகாமில நிரப்பின போமே இந்தப் பிறவிக்குக் காணும்."

பிறகு ஒருநாள் முன்னால் ஒரு இருக்கை வெறுமையாய் இருந்தது, காட்காரர் யாரும் பஸ்ஸில் இல்லை. நான் பின்னுக்குப் போய், "அக்கா, முன்னுக்கு வாங்கோ, வசதியா இருக்கலாம்" என்றேன்.

அவா என் முகத்தைப் பார்த்தா. "ஏன் தம்பி? என்னைப் பாக்கப் பாவமா இருக்கோ? பாவம் பாத்துத் தந்ததெல்லாம் வரிசையில நிண்டு வாங்கி முடிச்சிட்டன். என்ர சீற்றுக்குக் காசு குடுத்திருக்கிறன், அதில இருப்பன்."

பிறகு பல நாள் அதையே யோசித்தேன். முதலாளியை ஆகாயத்தில் யாரோ எண்ணினார்கள். இந்த மனுசியை யாரும் எண்ணவில்லையே. ஒரு வெறும் காட்டை எடுத்து, என் கோணல் எழுத்தில் "திரேசா, நாயாறு" என்று எழுதி, சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன். தொடக்கத்திலிருந்து அவா ஒரு கிழமையும் விடவில்லை என்பதால் கடந்துபோன மூன்று செவ்வாய்க்கும் மூன்று ஓட்டை போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவா ஏறியதும் ஒன்று. வராத செவ்வாய்க்கு இல்லை.

இதில் என் பிழை ஒன்று இருக்கிறது. அவாவின் காட்டில் மற்ற எல்லாரையும் விட ஓட்டை கூடிவிட்டது. சட்டப்படி அவாவைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். அவாவிடம் சொல்லவும் துணிவு வரவில்லை, முதலாளியிடம் சொல்லவும் வரவில்லை. காட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டே மற்றவர்களைக் குனிந்து குனிந்து முன்னுக்குக் கூப்பிட்டேன்.

அப்படிக் கூப்பிடப்பட்டவர்களில் அதிகம் கூப்பிடப்பட்டவர் நவரத்தினம் ஐயா. வவுனியாவில் அரிசி ஆலை வைத்திருந்தார். முதலாம் வகுப்புக்கு அவர் ஒருநாளும் காசு கொடுத்ததில்லை. கொடுத்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்தார் போல. சாதாரண ரிக்கற் எடுத்து ஏறி, மூன்றாம் வரிசையில் நின்றுகொண்டு, "என்ன கணேசு, ஆயத்தமோ?" என்பார். பெரும்பாலும் அவருடைய முறையாய்த்தான் இருக்கும். அவருடைய மகளை எங்கள் முதலாளியின் மகனுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கியும் விட்டார்கள்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க முதலாளி குடும்பம் கொழும்புக்கு வெளிக்கிட்டது. அவர், மனைவி, மாப்பிள்ளைப் பொடியன், மனைவியின் தங்கை, தங்கையின் புருசன். ஐந்து முதலாம் வகுப்பு ரிக்கற், முழுக் காசு. ஒரு இருக்கை மிச்சம். நவரத்தினம் ஐயா வவுனியாவில் ஏறுவதாய் ஏற்பாடு. அந்த ஒரு இருக்கை அவருக்குத்தான் என்று பஸ்ஸுக்கே தெரியும்.

முல்லைத்தீவில் திரேசக்கா ஆட்டோவிலிருந்து இறங்கியபோது என்னால் பார்க்க முடியவில்லை. வலது கால் முழங்கால்வரை வீங்கிச் சீலை சுற்றியிருந்தது. கடலேரியில் திருக்கை முள் ஏறியது. இரண்டு கிழமை படுக்கை. முதல் செவ்வாய் பெட்டி போகவில்லை. இரண்டாம் செவ்வாய் வேறொருவரிடம் கொடுத்துவிட, கடைக்காரர்கள் பழசு என்று சொல்லிப் பாதியைத் திருப்பிவிட்டார்கள். மூன்றாம் செவ்வாயும் அவா நேரில் வராவிட்டால் ஓடரை வேறு ஊர்க்காரருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"டொக்டர் காலைத் தொங்கப் போடாதேங்கோ எண்டவர்," என்றா. "நண்டுக்கு அது விளங்குமோ? ஆறு வீட்டுச் சோறு தம்பி அது."

கடைசி வரிசை அன்றைக்கு நிரம்பியிருந்தது. காலை நீட்ட ஒரு சாண் இடமில்லை. புளியங்குளம் தாண்டியபோது நான் பின்னுக்குப் போனேன். அவாவின் முகம் முழுக்க வேர்வை. முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தா.

"தம்பி, வவுனியாவில என்னை இறக்கிவிடு. பெட்டியையும் இறக்கு."

"இறங்கினா ஓடர் போயிடுமே அக்கா."

"போகட்டும். அஞ்சாறு மணித்தியாலம் இப்பிடி இருக்க என்னால ஏலாது."

"பெட்டியை மட்டும் நான் கொண்டுபோய்க் குடுக்கட்டோ?"

"போன கிழமை குடுத்துவிட்டுக் கண்டது காணாதோ?"

என் பொக்கற்றில் இருந்த காட் நெஞ்சில் சுட்டது. முன்னால் கால் நீட்டுகிற கதிரை ஒன்று வெறுமையாய்க் கிடக்கிறது. அது சட்டப்படி இவாவுடையது. இரக்கப்பட்டுக் கொடுத்தால் வாங்க மாட்டா. முதலாளியே எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தாலும் வாங்க மாட்டா. உரிமை என்று தெரிந்தால்தான் வருவா. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான், அதுவும் வரப்போகும் சம்பந்திக்கு முன்னால்.

"வவுனியாவில பத்து நிமிசம் மட்டும் பொறுங்கோ அக்கா," என்றேன்.

வவுனியாவில் நவரத்தினம் ஐயா ஏறினார். வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து. முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் வாய் திறக்க முதலே மூன்றாம் வரிசையில் நின்று இரண்டு சப்பாத்தையும் கழற்றி ஒழுங்காய் வைத்துவிட்டார்.

"என்ன கணேசு, ஆயத்தமோ?"

குனிந்து காதில் சொல்லத்தான் நினைத்தேன். குரல் எப்படி அவ்வளவு பலமாய் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஐயா, இண்டைக்கு உங்கட முறை இல்லை."

சாரதி பாட்டை நிறுத்தினார்.

"பின்ன ஆற்ற முறை?"

"கடைசி வரிசையில இருக்கிற திரேசக்காவின்ர."

"ஆர், அந்த நண்டுக்காரியோ?" அவர் சிரித்தார். "அவவிட்ட எங்கால காட்?"

நான் பொக்கற்றிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளோ சம்பந்தி? காட் நடத்துநற்ற பொக்கற்றில. குறடும் நடத்துநற்ற கையில. இவர் வீட்டில இருந்து விரும்பினபடி குத்தியிருப்பார். உங்கட பஸ்சில இப்ப இவர்தான் சட்டம்."

அதுவரை ஒரு சதம் கூடுதலாய் யாரிடமும் வாங்கியதில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் கள்ளன் என்று சொல்லியாயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி எழும்பி வந்தார். "ரெண்டு காட்டையும் தாங்கோ," என்றார்.

நவரத்தினம் ஐயாவின் காட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினார். அறுபத்தொன்று. பிறகு என்னுடையதை எடுத்தார். அவர் மனைவி மெதுவாய், "இஞ்சேருங்கோ, சம்பந்தி நிக்கிறார்" என்றா.

"நிக்கட்டும். நான் எண்ணுறன்."

அதிகாலையில் இருக்கைகளைச் சோதிக்கிற அதே வேகம்தான். வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. எண்ணி முடித்து, திரும்ப மேலிருந்து தொடங்கி இன்னொருமுறை எண்ணினார்.

"தொண்ணூற்று மூண்டு."

"ஆர் குத்தினது எண்டுதான் கேள்வி," என்றார் நவரத்தினம் ஐயா.

"அதுவும் இதிலயே இருக்கு." முதலாளி காட்டை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார். "இந்த மேல் வரிசையள் வட்டம். அதுக்குக் கீழ நட்சத்திரம். பிறகு முக்கோணம். கடைசிதான் வெத்திலை. கணேசுவின்ர கையில இப்ப இருக்கிறது வெத்திலைக் குறடு மட்டும். மற்ற மூண்டும் என்ர அலுமாரிக்குள்ள, பூட்டின திறப்பு என்ர இடுப்பில. இந்த நட்சத்திரத்தை வீட்டில இருந்து குத்த ஏலாது சம்பந்தி. அந்தந்தக் காலத்திலதான் குத்தியிருக்க வேணும்."

பஸ்ஸுக்குள் யாரோ கை தட்டினார்கள். நான் யாரென்று பார்க்கவில்லை.

ஆனால் சண்டை முடியவில்லை. பின்னாலிருந்து திரேசக்காவின் குரல் வந்தது.

"தம்பி! என்னைக் கேக்காம என்ர பேரில காட் எழுதினது ஆர்?"

காட்டை வாங்கிக்கொண்டு அவாவிடம் போனேன். "நான்தான் அக்கா."

"ஏன்? பாவம் பாத்தோ?"

"பாவம் பாத்தில்லை அக்கா. எண்ணிப் பாத்து."

அவா காட்டை வாங்கி ஓட்டைகளின் மேல் விரலை ஓட்டினா. படிப்பதுபோல மேலிருந்து கீழே போய் ஓரிடத்தில் நின்றா. "என்ர அம்மா செத்த கிழமையும் இதில இருக்கோ?"

"இல்லை. அந்தச் செவ்வாய் நீங்கள் வரேல்லை. அதுக்கு ஓட்டை போடேல்லை."

அவா காட்டை மடித்து இடுப்பில் செருகினா. கம்பியைப் பிடித்து எழும்பினா.

"பையைத் தூக்கு," என்றா.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க, வரிசை வரிசையாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தா. மூன்றாம் வரிசையில் செருப்புக் குவியலையும் பக்கத்தில் நின்ற புதுச் சப்பாத்துகளையும் பார்த்தா.

"இதென்ன?"

"எல்லாரும் கழட்டிப்போட்டுத்தான் ஏறுறவை அக்கா," என்றேன்.

"ஏன், உதென்ன கோயிலோ? காசு வாங்கிற பஸ் தானே?"

செருப்போடு படியேறிப் போய் இருந்தா. முதலாளி குனிந்து அந்தப் பலகையைத் தூக்கிவிட்டார். வீங்கிய கால் மேலே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு விட்டா. நான் துவாய் கொடுத்தேன். முகத்தைத் துடைக்காமல் அதை முழங்காலில் சுற்றினா.

"நல்ல சூடு. இன்னொண்டு இருக்கோ?"

பெட்டியில் மிஞ்சியதையெல்லாம் கொடுத்தேன். மாப்பிள்ளைப் பொடியன் தன்னுடையதைத் தானே எழும்பிக் கொண்டுவந்து தந்தான்.

நவரத்தினம் ஐயா வெறுங்காலோடு இன்னும் நின்றார். முதலாளி தன் கதிரையைக் காட்டி, "சம்பந்தி, நீங்கள் இதில இருங்கோ. இது நான் காசு குடுத்து எடுத்த சீற், ஆருக்கும் குடுக்கலாம்" என்றார். "நீங்கள்?" என்று அவர் கேட்க, "கடைசி மூலை வெறுமையாக் கிடக்கெல்லோ. நிண்ட பஸ்சில கனமுறை அதில இருந்து பாத்திட்டன். ஓடுற பஸ்சில இருந்து பாக்கேல்லை" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

கொழும்புவரை முதலாளி கடைசி வரிசை மூலையில் வந்தார். நவரத்தினம் ஐயா முதலாம் வகுப்பில் வந்தார், ஆனால் கடைசிவரை சாயவில்லை. சோதனை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்தே இருந்தார்.

இரண்டே காலுக்குக் கொழும்பு. நான் பெட்டியை இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன். திரேசக்கா சொந்தக் காலில் ஏறி இருந்தா. காட்டைக் கேட்டேன், அடுத்த கிழமை ஓட்டை போட. தரவில்லை. "என்ர காட் என்னட்ட இருக்கட்டும்," என்றா.

முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"கணேசு, கன நாளா நீ பிழையான ஆக்களை முன்னுக்கு ஏத்தியிருக்கிறாய்."

"ஓம் முதலாளி."

"ஏன் சொல்லேல்லை?"

"வாய் வரேல்லை."

"இண்டைக்கு நல்லாத்தானே வந்தது." பிறகு சொன்னார்: "இந்த பஸ்சுக்கு போம் நிரப்புறது பிடிக்காது. நாளையில இருந்து ஏறுற எல்லாருக்கும் காட் குடு." பஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, "கடைசி வரிசை ஸ்பிரிங் எல்லாத்தையும் மாத்த வேணும். மனுசர் இருக்கிற சீற்றோ அது!" என்றார்.

கடை ஓடரை விடவில்லை. திரேசக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு நண்டாய்த் திறந்து காட்டி நிறுத்துக் கொடுத்திருக்கிறா. இரண்டு மாதத்தில் பெட்டி இரண்டாயிற்று. கலியாணமும் குறித்த நாளில் நடந்தது. கலியாணத்துக்கு நாலாம் நாள் வைத்த சடங்குச் சாப்பாட்டுக்கு நண்டு கொடுத்ததும் திரேசக்காதான். நவரத்தினம் ஐயா ஐந்து நண்டு சாப்பிட்டதை நான் பரிமாறும்போது எண்ணினேன். எண்ணுகிற பழக்கம் விடாது. கை கழுவிவிட்டு வந்து, "கணேசு, என்ர காட்டில கள்ள ஓட்டை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை ஐயா, அறுபத்தொன்றும் சரியான ஓட்டை என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு முதலாம் வகுப்பு ரிக்கற்றைக் காசு கொடுத்தே எடுக்கத் தொடங்கினார்.

முழங்கால் தேய்ந்து நான் வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. போன மாதம் டொக்டரிடம் காலைக் காட்டக் கொழும்புக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. இருக்கை முப்பத்தொன்று. இத்தனை வருடம் அந்தப் பஸ்ஸில் போய் வந்தவன், ஆனால் பயணியாய் அதுதான் முதல் பயணம். தொலைபேசிக் கணக்கில் எனக்கு ஒரு ஓட்டைகூட இல்லை. நடத்துநர் முதலாம் வகுப்பில் இருக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் அந்தக் கதிரையில் நான் ஒருநாளும் இருந்ததுமில்லை. வேலை நாட்களில் கூட்டித் துடைத்ததோடு சரி.

வவுனியாவில் சுதனின் பொக்கற்றில் சத்தம் கேட்டது. அவன் பின்னுக்குப் போய் யாரோடோ கதைத்தான். பிறகு வந்து என் பக்கத்தில் குனிந்தான்.

"அண்ணை, முன்னுக்கு வாங்கோ."

"பகிடி விடாதை. என்ர பேர் வராது."

"வந்தது திரேசக்காவின்ர பேர். அவா, என்ர முறையை ஆருக்குக் குடுக்கிறதெண்டு நான்தான் சொல்லுவன், கணேசுவைக் கொண்டுபோய் இருத்து எண்டுறா."

திரும்பிப் பார்த்தேன். கடைசி மூலையில், புது ஸ்பிரிங் போட்ட இருக்கையில், அவா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. சுதன் என் பையைத் தூக்கிவிட்டான். எழும்பி நடந்தேன். மூன்றாம் வரிசையில் இப்போதும் நாலைந்து சோடி கிடந்தது. என்னையறியாமல் குனிந்து செருப்பு வாரில் கை வைத்தேன்.

"டேய் கணேசு!" கடைசி மூலையிலிருந்து வந்த குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "உதென்ன கோயிலோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சத்தமாய்ச் சிரித்தேன். செருப்போடு படியேறிப் போய், சாய்ந்து, காலை நீட்டினேன்.